ஆறாவது தயிர்ச் சட்டி

சித்திரைக்குள் செவ்வந்திக் கன்றுகளை நடுவதற்காக, காலியான தயிர்ச் சட்டிகளில் துளையிட்டு வர்ணம் பூசி வருகிறேன். முதலில் தயிரைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தனி ஆளுக்கு ஒரு சட்டி மூன்று நாளைக்கு வரும்.

இன்று கட்டுகஸ்தோட்டைக் கடையில் ஆறாவது சட்டியை வாங்கினேன்.

"என்ன சேர், தயிரா வாங்குறீங்க! சித்திரை வருஷத்துக்குப் புள்ளைங்க வர்றாங்களா?" என்று கடைக்கார அம்மா கேட்டார்.

உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஆமா, எட்டுப் பேர்" என்றேன். எட்டு என்பது என்னுடைய கன்றுகளின் எண்ணிக்கை.

"அப்ப பலகாரத்தோட வந்து எல்லாரையும் பார்க்கிறேன் சேர்!"

தலையாட்டிவிட்டுச் சட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வருஷத்தன்று காலை, இதை வாசிக்கும் யாருக்காவது என் பிள்ளைகளாக வர வசதிப்படுமா? எட்டுப் பேர் போதும். தயிர் இருக்கிறது. உட்காரக் கதிரை மட்டும் கொண்டுவர வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு, ஒன்றில் சட்டிகள் காய்கின்றன.