முடக்கில் கத்திய கார்

சத்தம் முதலில் கேட்டது எங்கள் ஒழுங்கை வளைந்து திரும்புகிற முடக்கில். நேராக ஓடும்வரை கார் நல்ல பிள்ளை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் வளைத்தேன். முன்னுக்கிருந்து ஒரு முனகல். இன்னும் கொஞ்சம் வளைத்தேன்; முனகல் அலறலாயிற்று. கன்று போட இருக்கும் பசுவைப் பிடித்து பொனட்டுக்குள் பூட்டி வைத்தது போல. நான் செய்த முதற்காரியம், பிரேக்கை மிதித்து, இறங்கி ஓடி, வேலியோரம் போய் நின்றதுதான். கார் வெடித்தால் என்னில் படக்கூடாது பாருங்கள். பின்னால் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, கார் கடிக்குதோ?" என்று கேட்டுவிட்டு, மிதிப்பதை நிறுத்தாமலே போனார். அன்றைய முதற்கோபம் அவர் மேல் வந்தது. பிறகு பொழுதுபடும்வரை அது ஆள் மாறி ஆள் மாறிப் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் மனைவியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்துக் கிடந்தவளை, வீட்டுக்குப் போகலாமென்று துண்டு வெட்டி விடுகிற நாள். காலை மடிக்கவும் கூடாது, குலுக்கவும் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஓட்டோவில் கால் நீட்ட இடமில்லை. வான் வண்டிக்குப் படி உயரம். எங்கள் பழைய ஜப்பான் காரின் முன்சீற்றைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினால் அந்தக் கால் சரியாகக் கொள்ளும். வாட்டுக்குள் போய் அவள் காலைச் சாணால் அளந்து பார்த்து, தாதிமாரிடம் சிரிப்பு வாங்கிக்கொண்டு வந்துதான் இதைச் சொல்கிறேன். இப்போது பார்த்து இந்தச் சனியன் கத்துகிறது. வரும் வழியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில், பஸ்சுக்கும் மரக்கறி லொறிக்கும் நடுவில், ஸ்டியரிங் இறுகி நான் விழிக்க, அவள் நீட்டிய காலோடு இருந்து என்னைப் பார்க்கிற காட்சி கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பார்வைக்கு லொறியே மேல்.

அந்த நேரம் பார்த்து அவளே போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. காரிலை ஒரு சின்னச் சத்தம்."

"சின்னச் சத்தமோ? நான் கிணத்தடியிலை கிடந்து குழறினது கேக்காத காதுக்கு, சின்னச் சத்தம் கேட்டுதோ? அண்டைக்கும் அண்ணைதானே வேலி பாய்ஞ்சு ஓடி வந்தவர்."

அண்ணை என்பது அவளுடைய தமையன், என் மச்சான். வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டக்காரர். அவளுடைய கதைகளில் எப்போதும் வேலி பாய்கிறவர் அவர். படுத்துக் கிடக்கிறவன் நான். போனை வைத்த பிறகும் எனக்குக் காது சுட்டது.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கத்தை மெக்கானிக் பாஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, பொனட்டைத் திறக்கவுமில்லை. "ஒருக்காத் திருப்புங்கோ" என்றார். திருப்பினேன். பசு அலறியது.

"ஸ்டியரிங் றாக் பழுதாப் போட்டுது ஐயா. முழுசா மாத்தோணும்."

"திறந்து பாக்கேல்லையே?"

"சத்தத்திலையே தெரியும். சாமான் கொழும்பிலையிருந்து வரோணும். ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ."

"நாளைக்கு மனிசியை ஏத்தோணும், பாஸ்."

"ஓடலாம். ஆனா நான் பொறுப்பில்லை."

அவர் பொறுப்பில்லை என்றதும் என் நெஞ்சு முதலில் பதறியது, பிறகு கொதித்தது. திறந்து பார்க்காதவன் எதற்குத்தான் பொறுப்பு? வாயில் வந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன், கராஜைவிட்டு நன்றாக வெளியே வந்த பிறகு, காரின் கண்ணாடிகளைப் பூட்டிக்கொண்டு. எங்கள் உரும்பிராய்க்கு வரும் வழியெல்லாம் சைக்கிள்கள் என்னை முந்தின. திருப்பம் குறைந்த பாதையைத் தேடிப்போய், வழியில்லாத இடத்தில் மாட்டி, முன்னும் பின்னுமாக வளைத்து வளைத்து, வழமையைவிட அதிகமாகத் திருப்பித்தான் வீடு வந்தேன்.

கோபம் தலைக்கேறினால் எனக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும். காரை முற்றத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பாரமாகத் திரும்பியது, சத்தமில்லை. எஞ்சினைப் போட்டுச் சும்மா விட்டேன், மெல்லிய முனகல். திருப்பினேன், அலறல். எஞ்சினை உறுமவிட, அலறலும் கூடவே உயர்ந்தது. அப்படியென்றால் கத்துவது சில்லுமில்லை, பாஸ் சொன்ன றாக்குமில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றி எண்ணெயைத் தள்ளுகிற பம்ப். பம்புக்கு எண்ணெய் கொடுக்கும் சின்னப் போத்தலைத் திறந்தேன். உள்ளே சிவப்பாய், தெளிவாய் இருக்க வேண்டியது கறுப்பாய், நுரை தள்ளிக்கொண்டு, காய்ச்சின பனங்கட்டிப் பாணி மாதிரிக் கிடந்தது. விரலில் தொட்டு மணந்தேன். அந்த மணம் எனக்கு அந்நியமில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வேலி தாண்டி வந்து என் தேநீரைக் கெடுக்கிற மணம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினின் எண்ணெய்.

வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் குனிந்து போனேன். குனிந்த வேகத்தில் முள்ளுக்கம்பி சேர்ட்டைக் கிழித்தது. அந்தக் கோபத்தையும் மற்றக் கோபத்தோடு சேர்த்துக்கொண்டேன். மச்சான் வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் திறந்துகொண்டு நின்றார்.

"என்ரை காருக்கை உந்த மெசின் எண்ணெயை விட்டது ஆர்?"

"நான்தான். நேற்று உன்ரை காருக்குக் கீழை மண்ணிலை துளி துளியா விழுந்து கிடந்தது. திறந்து பாத்தன், போத்தில் வத்திப்போச்சு. தங்கச்சி வரப்போறாள் எண்டு நிரப்பி விட்டனான்."

"அதுக்கு வேறை எண்ணெய் மச்சான்! உம்மை ஆர் கேட்டது?"

"எண்ணெய் எண்டால் எண்ணெய்தானே? உன்ரை காருக்கென்ன பட்டுச் சட்டையோ போடோணும்?"

இவரை விளங்க வேண்டுமானால் யுத்த நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்துக்குப் போக வேண்டும். பெற்றோல் கிடையாத அந்த நாட்களில் மச்சான் தன் பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். பிரேக்குக்கு ஆமணக்கெண்ணெய் விட்டார். எது இல்லையோ அதற்குப் பதிலாக எது இருக்கிறதோ அதை ஊற்றுவார்; வண்டியும் அவருக்குப் பயந்து ஓடும். தடை எடுபட்டு எத்தனையோ காலமாயிற்று. மச்சானுக்கு மட்டும் இன்னும் எடுபடவில்லை.

"உது தடைக்காலம் இல்லை! சந்திக் கடையிலை சரியான எண்ணெய் நிரையா அடுக்கிக் கிடக்கு. நாளைக்கு ஸ்டியரிங் இறுகினால் உம்மடை தங்கச்சியின்ரை கால் என்னாகும்?"

நான் கத்தின கத்தலில் பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டி நின்றது. மச்சான் நிமிர்ந்தார்.

"குடல்வால் வீங்கி நீ கிடந்த அண்டைக்கு, மண்ணெண்ணெய்க் காரிலை உன்னை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது ஆர்? அப்ப நீ எனக்கு மச்சானும் இல்லை. வழி முழுக்க 'ஐயோ, கார் நிக்கப்போகுது, கார் நிக்கப்போகுது' எண்டு அழுதாய். நிண்டதோ?"

நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு மனிதன்மேல் ஒழுங்காகக் கோபப்பட விடாத உதவி என்ன உதவி? அவர் நிரப்பாமல் விட்டிருந்தால் பம்ப் காய்ந்து, எரிந்தே போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு என்ன விசரா?

சந்திக் கடையில் சிவப்பு எண்ணெய் வாங்கி வந்தபோது மச்சான் ஏற்கெனவே காருக்கடியில் ஜக் வைத்து முன்சில்லுகளைத் தூக்கியிருந்தார். எண்ணெய் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு வெறும் போத்தலுக்குள் விட்டோம். அவர் மேலே புதிதை ஊற்ற, நான் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்பினேன். கறுப்பு வந்தது, மண்ணிறம் வந்தது, பிறகு சிவப்பு. "திருப்பு", "நிப்பாட்டு" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. குழாயைப் பிடித்திருந்த வளையம் தளர்ந்து கிடந்ததையும், அதால்தான் எண்ணெய் ஒழுகியதையும் கண்டுபிடித்தவர் மச்சான். வளையத்தை இறுக்கியது நான். அவர் அதை மறுபடியும் இறுக்கினார்.

மறுநாள் மனைவி முன்சீற்றில் காலை நீட்டி இருந்தாள். பின்சீற்றில் மச்சான், மிச்ச எண்ணெய்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு. திருநெல்வேலிச் சந்தி போனது. உரும்பிராய்ச் சந்தியில் திரும்பினேன், எதுவும் கேட்கவில்லை. கடைசியாக எங்கள் ஒழுங்கை முடக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுதாக வளைத்தேன். கார் வாயே திறக்கவில்லை. அவள் கால் அசையவில்லை.

"நல்லா ஓடுதே கார்," என்றாள். பிறகு தலையைத் திருப்பி, "அண்ணை, நீங்கள் ஏதும் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நான்தான் எண்ணெய் விட்டனான்."

பொய் என்று ஒரு சொல்லையும் காட்ட முடியாது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியளோ? நீங்கள் சும்மா பயந்ததுதான் மிச்சம். அதென்ன, இப்பவும் ஏதோ நறநறவெண்டு கேக்குது?"

அது காரிலிருந்து வரவில்லை. என் பல்.