நாற்பத்து மூன்றாவது பெயர்

நீங்கள் கடைசியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள் எது? நினைவில்லையா? ரூத் கிளமெண்டுக்கும் நினைவில்லை, அக்டோபர் இரண்டாம் தேதி காலை பதினொரு மணி வரை.

ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறார் ரூத். பிறந்தது திருமங்கலம். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியேறி ஒன்பது வருடமாகிறது. மற்றவர்கள் ஆண்டுக் கடைசியில் ஒப்புக்கு முடிக்கும் குடிமையியலை அவர் ஜூன் மாதமே தொடங்கிவிடுவார். "கிராம சபையில உங்க அம்மா எந்திரிச்சு கேட்டா, அதிகாரி பதில் சொல்லியே ஆகணும்" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு பாண்டிமீனா அதை அப்படியே நம்பினாள். அவளுடைய காலனியின் ஊருணிக்கரையில் ஒரு மாதமாக ஊர்க்குப்பை மொத்தமும் வந்து விழுந்தது. கரையோரக் கிணறுதான் காலனிக்குக் குடிநீர். தண்ணீர் நாறத் தொடங்கியிருந்தது. எல்லாத் தெருக் கழிவும் காலனி வாசலுக்குத்தான் போக வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பாண்டிமீனா தன் அம்மா செல்லத்தாயை டீச்சரிடம் அழைத்து வந்தாள்.

"கிராம சபைக்கு வாங்க. நானும் வாரேன்" என்றார் ரூத்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபைப் பந்தலில் செல்லத்தாய் எழுந்து கேட்டதும் ஊராட்சிச் செயலர் அழகுபாண்டி பதறவே இல்லை. "ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில ஊரே சேந்து போட்ட தீர்மானம்க்கா."

"அப்ப வாசிங்க. ஒப்புக்கிட்டவங்க பேரோட வாசிங்க" என்றார் ரூத்.

அழகுபாண்டி சிரித்தார். "வாசிச்சிருவோமா டீச்சர்? இந்தா பாப்பா, நீயே வாசி."

பாண்டிமீனா நோட்டை வாங்கி உரக்கப் படித்தாள். குப்பை கொட்டும் இடமாக ஊருணிக்கரை ஏகமனதாகத் தேர்வு. பிறகு பெயர்கள். நாற்பத்திரண்டு பெயர்களைக் கடகடவென்று சொன்னவள் அடுத்ததில் நின்றாள். டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரூத் கிளமெண்ட்."

ரூத் எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான், வளைத்துக் கீழே கோடிழுத்து.

பின்வரிசையில் இருந்த ஊர்க்காரர் முத்திருளன் பக்கத்து ஆளிடம் கத்தினார். "மாப்ள, டீச்சரே ஃபெயிலுடா!"

யாரோ சிரித்தார்கள். செல்லத்தாய் சிரிக்கவில்லை. "எங்க கொடத்துல அடிக்கிற நாத்தம் ஒங்க கையெழுத்தா டீச்சர்?"

அப்போதுதான் நினைவு வந்தது. பள்ளியில் பாடம் நடக்கும்போது சுற்றறிக்கை நோட்டு வரும். சாக்பீஸ் பிடித்த கையாலேயே ஆசிரியர்கள் கையெழுத்திட்டு அனுப்புவார்கள். யாரும் படிப்பதில்லை. சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது அழகுபாண்டி ஒரு நோட்டை நீட்டினார். அதே கை, அதே பழக்கம். கிராம சபையைப் பற்றி இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவர், ஒருமுறைகூட அதில் உட்காராமலே ஒரு காலனியின் குடிநீரில் குப்பை கொட்டச் சம்மதித்திருந்தார்!

ரூத் எழுந்தார்.

"என் கையெழுத்துதான். படிக்காம போட்டேன். அந்தக் கூட்டத்துக்கு நான் வரவே இல்ல. இதுல பேரு இருக்கிறவங்கள்ல அன்னைக்கு நெசமா வந்தவங்க கையத் தூக்குங்க."

நோட்டில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். உயர்ந்த கைகள் பதினொன்று. அழகுபாண்டியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முத்திருளனின் கையும் உயரவில்லை. அவர் பெயரும் பட்டியலில் இருந்தது.

அங்கேயே பழைய தீர்மானத்தை ரத்துசெய்து ஊருணிக்கரையில் குப்பை கொட்டக் கூடாதென்று புதிய தீர்மானம் எழுத வைத்தார்கள். உரக்க வாசித்த பிறகே கையெழுத்துகள் விழுந்தன. குப்பை வண்டி மறுநாளே நின்றது. கிணறு தெளிய நாளாகும்.

பாண்டிமீனாவின் முகம் தெளியவும் நாளாகும். மறுநாள் வகுப்பில் அவள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதிப் பாடத்தில் சுற்றறிக்கை வந்தது. ரூத் பேனாவை எடுத்தார். அப்போது மட்டும் அவள் தலை நிமிர்ந்தது.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?"

ரூத் பேனாவை மூடிவைத்துவிட்டு, விளையாட்டு விழா தள்ளிப்போனதைச் சொன்ன அந்த மூன்று வரியையும் வகுப்பு முழுக்கக் கேட்கப் படித்தார். பிறகுதான் கையெழுத்து.

நவம்பர் ஒன்றாம் தேதி உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். போங்கள். போன கூட்டத்தின் தீர்மானத்தைப் பெயர்களோடு வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் வருகிறதா என்று கேளுங்கள்.