மரநாய் பூனையான ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அடையாறு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் பெரிய பஞ்சாயத்து. விடியற்காலையில் யாரோ பிரியாணி சமைக்கிறார்களாம். வாசனை மொட்டை மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி மூன்றாம் மாடி முழுக்கப் பரவுகிறதாம். சுத்த சைவக் குடும்பம் ஒன்று வருத்தப்பட்டு எழுதியிருந்தது. அசைவக் குடும்பம் ஒன்று, சமைப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சமைக்கக் கூடாதா என்று அதைவிட வருத்தப்பட்டு எழுதியிருந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு மூச்சு இழுத்தேன். நல்ல பாசுமதி அரிசி முக்கால் பதம் வெந்து வருகிற வாசனை. அடுப்பு இல்லை, பானை இல்லை, ஆளும் இல்லை. பக்கத்து மனை மாமரத்தின் கிளை ஒன்று மட்டும் தொட்டியின் மேல் சாய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் நுரையோடு ஒரு கிழவி தனியாக நின்று சிரிப்பதை எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார். பார்த்தால் பார்க்கட்டும்.

அந்த வாசனை எனக்கு மந்தைவெளியிலேயே பழக்கம். அங்கே ஒரு ஓட்டு வீட்டில் ஒரு போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். காலையில் நான் கிளம்பும் நேரத்துக்கு, கூரைப் பக்கத்திலிருந்து இதே வாசனை இறங்கும். அம்மாவுக்கு அது பக்கத்துப் போர்ஷன் செல்வி அக்காவின் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. “காலங்காத்தாலே பிரியாணி ஆக்கித் தின்றாங்க. ஒரு கரண்டி குடுப்போம்னு தோணுதா பாரு” என்பாள். செல்வி அக்கா வீட்டிலோ காலையில் பழைய சோறுதான். கடைசியில் அம்மா அவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று செல்வி அக்காவுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். சாப்பிடாத பிரியாணிக்காக ஒரு நல்ல சிநேகம் அந்தரத்தில் தொங்கியது.

அந்தத் தெருவில் ஒரு வேட்டைக் கழகம் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. மந்தைவெளியில் எதை வேட்டையாடினீர்கள், ஆட்டோவையா என்று கேட்கிறார்கள். கழகத்தைத் தொடங்கியவர்களில் என் அப்பா கோவிந்தனும் ஒருவர். பஸ் கண்டக்டர். யாரிடமோ ஒரு ஏர்கன் வாங்கிக்கொண்டு நாலைந்து பேராக அடையாற்று முகத்துவாரத்துக்கு வாத்து சுடப் போனார்கள். வாத்துகள் எல்லாம் சௌக்கியமாகப் பறந்துவிட்டன. அப்பா சுட்ட குண்டு, கரையில் நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிளின் பின் டயரிலேயே பாய்ந்தது. மந்தைவெளி வரை தள்ளிக்கொண்டே வந்தாராம். அதோடு துப்பாக்கி வேட்டை முடிந்தது. கழகம் மட்டும் முடியவில்லை. வாத்திலிருந்து எலிக்கு இறங்கி, எலியிலிருந்து பூனைக்கு ஏறி நிலைத்தது.

வருஷம் ஒருமுறை, பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, யார் பிடித்த காட்டுப் பூனை அதிக எடை என்று போட்டி. காட்டுப் பூனை என்றால் காட்டில் இருப்பது இல்லை. யாரும் பேர் வைத்துக் கூப்பிடாத பூனை, அவ்வளவுதான். எடை போடுவதற்கு முன் தெருப் பெண்கள் கூண்டைச் சுற்றி நின்று, “மணி, சிட்டு, ராஜா, வெள்ளையம்மா” என்று தெரிந்த பேரையெல்லாம் கூப்பிடுவார்கள். ஏதாவது ஒன்றுக்குத் திரும்பிப் பார்த்தால் அது வீட்டுப் பூனை, போட்டியிலிருந்து நீக்கம். எடை போட்டதும் ஆளுக்கொரு நெத்திலிக் கருவாடு ஆறுதல் பரிசாகக் கொடுத்துத் திறந்து விட்டுவிடுவார்கள். ஆளுக்கொரு என்றது பூனைகளைத்தான்.

கழகத்துக்குச் சொத்து என்று இரண்டு இருந்தன. ஒரே அச்சில் செய்த சில கம்பிக் கூண்டுகள். அப்புறம் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி, முதுகில் அவரவர் பெயர் பெயிண்ட்டில். தலைவர் சாம்பமூர்த்தி மாமா வீட்டு வாசல் அறையில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு மாலையில் உட்கார்ந்து பேசுவார்கள். வேட்டையைப் பற்றி அல்ல, எதைப் பற்றியும். அப்பா இறந்த பிறகு அவர் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போது தினமும் ஜன்னல் வழியாக அது எனக்குத் தெரியும். கோவிந்தன் என்ற பெயர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். எனக்கு அதில் உட்கார வேண்டும். ஏன் என்று யோசித்ததில்லை. அப்பாவின் சட்டைகளைத் தானம் கொடுத்தபோதுகூட நான் அழவில்லை. அந்த ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் நடை தானாக மெதுவாகும்.

மாமாவிடம் போய்க் கேட்டேன். “பிள்ளை இருந்தா அவனுக்குப் போகும்னுதான் வழக்கம். நீ பொண்ணாப் போயிட்டியே, கொழந்தே” என்றார். அதற்குள் பழைய பேப்பர் கடை தாஸ் தன் மச்சானுக்கு அந்த நாற்காலியைக் கேட்டு வைத்திருந்தார். தாஸ்தான் பல வருஷமாகப் போட்டியில் ஜெயித்துக்கொண்டிருந்தவர். எடை போடுவதும் அவர் கடைத் தராசில்தான். மாமாவுக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனசு வராது. “இந்த வருஷம் யார் ஜெயிக்கறாளோ, அவா சொல்ற ஆளுக்கு நாற்காலி” என்று முடித்துவிட்டார். போட்டியில் பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இல்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்று யாருக்கும் தோன்றாததால் விதி போடவில்லை.

“இன்னா கோவிந்தன் பொண்ணு, நீயும் பூனை புடிக்கப் போறியா? பாத்தும்மா, பொறாண்டிடும்” என்றார் தாஸ். தெருவே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

கழகத்துக் கூண்டு ஒன்றில் கருவாடு வைத்து எங்கள் கூரை மேல் ஏற்றினேன். முதல் நாள் கருவாட்டைக் காக்கை கொண்டுபோனது. அடுத்த நாள் எறும்பு. பூனைகள் எல்லாம் தாஸ் கடைப் பக்கமே சுற்றின. அங்கே கருவாட்டோடு கூட மத்தி மீனும் கிடைக்கும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் கருவாடும் தீர்ந்துபோனது. கோயிலிலிருந்து வந்த பூவன்பழம் இரண்டு கறுத்துக் கனிந்து கிடந்தன. பூனை பழம் தின்னுமா என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. வெறுங்கூண்டை வைக்க மனசில்லை, அவ்வளவுதான். அந்தப் பழத்தைக் கொக்கியில் குத்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு காலை ஏணியில் ஏறிக் கூண்டைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் மயிர் அடர்ந்த ஒரு பிராணி, முகத்தில் கறுப்பு முகமூடி போட்டது போல, உடம்பு நீளத்துக்கு வால். பழத்தைத் தின்று முடித்துவிட்டு நிம்மதியாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்து குபுக்கென்று பிரியாணி வாசனை. நான் ஏணியில் நின்றபடியே கத்தினேன். “அம்மா! செல்வி அக்கா இல்லம்மா! இதுதாம்மா!” அம்மா வந்து மோந்து பார்த்தாள். பிறகு நேராக உள்ளே போய்ப் பாயசத்துக்குச் சேமியா வறுக்கத் தொடங்கினாள். அன்றைக்கு முதல் பாத்திரம் செல்வி அக்கா வீட்டுக்குத்தான் போனது.

இன்றைக்கு இதைச் செய்தால் பிராணியை விட்டுவிட்டு என்னைக் கூண்டில் வைப்பார்கள். சரிதான், அப்படித்தான் செய்ய வேண்டும். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது.

கூண்டைச் சுமந்துகொண்டு தாஸ் கடைக்குப் போனபோது அவருடைய செம்பட்டைக் கடுவன் பூனையை ஏற்கெனவே எடை போட்டாகிவிட்டது. ஒரு தட்டில் பூனையோடு கூண்டு, மறு தட்டில் காலிக் கூண்டும் படிக்கல்லும். நாலே முக்கால் கிலோ. நம் வீட்டுப் பேப்பரை எடை போடும்போது எப்போதும் குறைத்தே காட்டுகிற தராசு அது. அந்தத் தராசிலேயே நாலே முக்கால் என்றால் அந்தக் கடுவன் எப்பேர்ப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தாஸின் மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், நாற்காலியில் உட்காரத்தான்.

என் கூண்டுக்குள் குனிந்து பார்த்த தாஸ் சிரித்தார். “மாமா, இது மரநாய். போட்டி பூனைக்கு. நாயைக் கொணாந்து வெச்சிக்கினு பூனைன்னா எப்டி?”

கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. மரநாய்தான். எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அந்த நாற்காலி கண்ணில் நின்றது.

“மரநாய்னு பேர் இருந்தா நாய் ஆயிடுமா? நீர்யானை யானையா?” என்றேன்.

“அதெல்லாம் எனுக்குத் தெரியாது. இதுக்குப் பேர்லயே நாய் கீது.”

“பேர்தான் கணக்கா?”

“பேர்தான் கணக்கு.”

“அப்படின்னா இதுக்கு இன்னொரு பேரும் இருக்கு. புனுகுப்பூனை.”

சாம்பமூர்த்தி மாமா சட்டென்று நிமிர்ந்தார். மாமா வெள்ளிக்கிழமை தவறாமல் தம் வீட்டு முருகன் விக்கிரகத்துக்கு, அந்தப் பூனையிலிருந்து எடுக்கிற வாசனைப் புனுகைச் சாத்துகிறவர். குட்டி டப்பாவில் வாங்கி வந்து, பட்டுத் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்திருப்பார். தெருவில் அது தெரியாதவர்கள் கிடையாது. நான் அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மாமா, நீங்களே சொல்லுங்க. இது பூனைன்னா, நீங்க முருகனுக்குச் சாத்தறது புனுகு. இது நாய்னா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமிக்கு எதைச் சாத்திட்டிருக்கீங்க?”

புனுகு அந்தப் பிராணியின் உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை நான் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு இரக்கம் இருந்தது.

“சிவ சிவா” என்றார் மாமா. கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நாயாவது ஒண்ணாவது! இது பூனை. சாட்சாத் பூனை. பாத்துண்டு நிக்காம தராசுல ஏத்துங்கோ.”

பெண்கள் சுற்றி நின்று மணி, சிட்டு, ராஜா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அது எழுந்திருக்கவே இல்லை. பகலெல்லாம் தூங்குகிற ஜாதி. தாஸே கூண்டைத் தூக்கித் தட்டில் வைத்தார். தட்டு தரையில் உட்கார்ந்தது. எதிர்த் தட்டில் காலிக் கூண்டோடு நாலு கிலோ. அசையவில்லை. நாலே முக்கால். அசையவில்லை. அஞ்சு கிலோ கல்லை வைத்தார், அப்போதும் என் தட்டு தரையை விட்டு எழவில்லை. எங்கள் ஓட்டுக்கு மேலே சாய்ந்திருந்த கொய்யா மரத்தின் பழம் முழுக்க அதன் வயிற்றில் இருந்தது என்று நினைக்கிறேன். செல்வி அக்கா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் ஓ என்று கத்திக்கொண்டு அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். என் வாழ்க்கையில் அதற்கப்புறம் பதவி உயர்வு வந்தது, கல்யாணம் வந்தது, இந்த வீடு வந்தது. அந்தச் சந்தோஷம் மட்டும் திரும்ப வரவில்லை.

தாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். “மாமா, பூனைன்னே எல்லார்கிட்டயும் சொல்லிடு. நாய்கிட்ட தோத்தேன்னா எங்க ஊட்ல சோறு போட மாட்டாங்க.” சொன்னதோடு நிற்கவில்லை. லாரிக்கு அடிக்கிற சிவப்பு எனாமலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மாமா வீட்டு வாசல் அறைக்கு வந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியைத் திருப்பி வைத்தார். அப்பாவின் பெயர் பழைய வெள்ளைப் பெயிண்ட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘பொண்ணு’ என்று எழுதினார். என் பெயர் அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கோவிந்தன் பொண்ணு. எனக்கு அது போதுமாக இருந்தது. பெயிண்ட் காயும் வரை பொறுக்காமல் உட்கார்ந்தேன், அழுதேன், முதுகெல்லாம் சிவப்பு.

பிராணியைச் சாயங்காலம் கூரையிலேயே திறந்துவிட்டேன். பிற்பாடு விலங்கியல் படித்த எனக்குத் தங்கை முறையாகிற ஒருத்தி, மரநாய் வேறு, புனுகுப்பூனை வேறு, இரண்டும் நெருங்கிய சொந்தம்தான் என்றாள். அதோடு இரண்டுமே நாயும் இல்லை, பூனையும் இல்லையாம். இருக்கட்டும். தீர்ப்பு தீர்ப்புதான். மேல்முறையீட்டுக்கு மாமா இல்லை.

மாமா இல்லை, அவர் வாசல் அறையும் இல்லை. அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் ஓட்டு வீடு நாலு மாடி ஆகிவிட்டது. கொய்யா மரம் நின்ற இடத்தில் ஜெனரேட்டர். ஆற்றோரத்தில் குடியிருந்த தாஸ் குடும்பத்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் கடையில் இப்போது மொபைலுக்கு உறை விற்கிறார்கள். தெருப் பூனைகளுக்கு எல்லாம் யாரோ ஒருவர் பேர் வைத்துச் சோறு போடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் காட்டுப் பூனை என்று ஒன்று அந்தத் தெருவில் இனி கிடையாது.

வாட்ஸ்அப் குழுவில் நான் உண்மையைத்தான் எழுத நினைத்தேன். ‘அது மரநாய்’ என்று தட்டினேன். உடனே யாராவது ஆள் வரவழைத்துப் பிடித்துக்கொண்டு போகச் சொல்வார்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டு, ‘கவலை வேண்டாம், அது ஒரு பூனை’ என்று அனுப்பினேன். ‘பூனையா, அப்ப சரி ஆன்ட்டி’ என்று பதில் வந்தது. மாமாவின் தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறது.

அந்த நாற்காலி என் பால்கனியில் இருக்கிறது. அப்பா பெயர் எழுதிய வெள்ளைப் பெயிண்ட் எப்போதோ உதிர்ந்துவிட்டது, ஒரு புள்ளிகூட இல்லை. தாஸ் அடித்த எனாமல் மட்டும் அசையாமல் நிற்கிறது. நேற்று வீட்டு வேலைக்கு வருகிற தேவி அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “இன்னாம்மா, பொண்ணுன்னு எழுதிக்கீது? இது எந்தப் பொண்ணோட சேரு?”

“என்னோடதுதான்” என்று சொல்லிவிட்டு, ஈரம் காய்வதற்குள் அதில் உட்கார்ந்தேன்.