குமிழில் பதிந்த விரல்

அந்த ஆய்வு விமானத்தின் முதுகில், பாதி எலுமிச்சை அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ் உண்டு. விமானம் வானில் படர்ந்த புகைக்கு மேலேயும் கீழேயும் பறக்கும்போது, அது வெயிலை அளக்கும். சூரியத் தகடுகளுக்குச் சேரவேண்டிய வெயிலில் எவ்வளவைப் புகை பறித்துக்கொள்கிறது என்று அதிலிருந்து தெரியும். குமிழைத் துடைத்து வைப்பதுதான் பன்னிரண்டு வருடமாகத் துணிக்காரரின் வேலை. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் மனைவியின் மூக்குக்கண்ணாடியையும் விடமாட்டார். “போதும் விடுங்க, மூக்கையும் சேத்துத் தேச்சிடப்போறீங்க” என்பாள்.

அன்று விமானம் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. துடைத்துவிட்டு ஏணியில் இறங்கும்போது கால் வழுக்க, வெறுங்கையைக் குமிழ்மேல் ஊன்றியிருந்தார். விரல் பிசுக்கு மறைக்கும் வெயிலுக்கான பழியும் புகையின் தலையில்தான் விழும். கொட்டகைக்கும் ஓடுபாதைக்கும் நாலு தடவை நடந்தார். பிறகு ஆய்வுக்குத் தலைமை வகித்த விஞ்ஞானியிடம் போய்ச் சொன்னார்.

“வெயில் திருடனப் புடிக்க விமானம் அனுப்பினா, திருடன் நம்ம வீட்டுலயே இருக்கானே!” என்றாள் அவள்.

“இன்னைக்கு எடுத்த அளவெல்லாம் வீண்தானாம்மா?”

“எறங்கினதும் தொடைக்காதீங்க. விளக்கு வெளிச்சத்துல அப்படியே ஒருவாட்டி அளப்போம், தொடைச்சிட்டு ஒருவாட்டி. வித்தியாசத்தச் சரிபண்ணிக்கலாம். அதுவரைக்கும் தொடைக்காம சும்மா இருப்பீங்களா?”

விமானம் இறங்கியது. அவர் ஏணியில் ஏறிப் பார்த்தார். மூன்று விரல்கள் அச்சாகப் பதிந்திருந்தன. தோளில் கிடந்த துணியை உருவிக் கீழே நின்றவளிடம் நீட்டினார்.

“இத நீங்களே வெச்சிக்குங்கம்மா. என் கைய நம்பமுடியாது.”