தம்பிக்குப் பதில் நான் ரத்தம் கொடுக்கப் போனது

பிள்ளைகளா, சித்தப்பாவே எழுதச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் காலேஜ் போகிறீர்கள், தெரிந்துகொள்ளலாம்.

சித்தப்பா கல்யாணத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று சர்ச்சில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை அவன் தளேகாவில் என் ஃபேக்டரி வாசலுக்கு வந்தான். தனக்குப் பெண்களையும் பிடிக்கும், ஆண்களையும் பிடிக்கும் என்றான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இதை முன்பே சொல்லிவிட்டானாம். அவளிடம் சொல்லாதது ஒன்றுதான்: சில தடவை ஆணுறை இல்லாமல் இருந்திருக்கிறான், எச்ஐவி டெஸ்ட் எடுத்ததே இல்லை.

"அவளுக்கு நான் எதையும் கொண்டுபோய்க் கொடுத்துரக் கூடாதுண்ணே."

நாம் குடியிருந்த நிக்டியில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று மறுநாள் தூரத்தில் கேம்ப் ஏரியாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் எங்கள் சர்ச் பாடகர் குழுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களைப் பார்க்காத மாதிரி ஃபேனைப் பார்த்தார். சித்தப்பா டோக்கனை என் கையில் திணித்து, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று நழுவிவிட்டான்.

நம்பரைக் கூப்பிட்டார்கள். விட்டால் ஞாயிறு வந்துவிடும். ஒரே வயிற்றில் பிறந்தோம், ரத்தமும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நானே உள்ளே போனேன்.

கவுன்சிலர் அம்மா இந்தியில் மெதுவாகக் கேட்டார்.

"உறவு ஆண்களோடயா, பெண்களோடயா?"

"ரெண்டும் மேடம்."

"கடைசியா எப்போ?"

"இருங்க, போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். பிறகு, பெரியவரே என்கிற மாதிரி, என்னைக் காகா என்று கூப்பிட்டார்.

"காகா, அவர் ரத்தத்தை அவர்தான் கொடுக்கணும். கூட்டிட்டு வாங்க. வந்தது வந்தீங்க, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க."

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு மேடம்."

"மோதிரம் போட்ட கையிலயும் ரத்தம் வரும் காகா."

டீக்கடையிலிருந்து அவனை இழுத்து வந்தேன். ஊசியைப் பார்த்து மயங்கியது நான்தான்.

இரண்டு பேருக்கும் நெகட்டிவ். ஆனால் அவன் கடைசியாக ஆணுறை இல்லாமல் இருந்தது இரண்டு மாதம் முன்பு, பெண் பார்ப்பதற்கு முன்னால். மூன்று மாதம் முடிந்தபின் இன்னொரு தடவை பார்த்தால்தான் உறுதி என்றார் அந்த அம்மா. "யாரைப் பிடிக்குதுங்கறதால இது வராது. பாதுகாப்பு இல்லாம இருந்தாத்தான் வரும்" என்றும் சொன்னார்.

ஆட்டோ ஸ்டாண்டில் நின்று சித்தப்பா அவளுக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். எனக்கு மறுபடியும் மயக்கம் வரும்போல இருந்தது.

"ஓலைய வாசிக்கட்டும்" என்றாள் கடைசியில். "தேதிய மட்டும் தள்ளி வைங்க. நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன். யாராவது கேட்டா, டெய்லர் இன்னும் கவுன் தரலன்னு சொல்லிருங்க."

சித்தப்பா நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதான்.

அடுத்த டெஸ்டும் நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் அவள் உங்களுக்குச் சித்தியானாள். அதுவரை சர்ச்சில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த டெய்லரைத் திட்டினார்கள். இரண்டொரு தடவை, ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று, நானும் திட்டினேன்.