மிஷினில் தொங்கிய மஞ்சள் கோட்டு

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் சேர்ந்த புதிதில் எங்கள் தையல் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது சைக்கிள்காரர்களுக்கான கோட்டு. கையில்லாத மஞ்சள் கோட்டு, முதுகில் இரண்டு வெள்ளிப் பட்டை. வண்டி வெளிச்சம் பட்டால் பட்டை பளீரென்று மின்னும். எல்லாம் ஐரோப்பாவுக்கு. இங்கே அதைத் தைத்த அக்காக்களோ இருட்டினால் பல்லடம் ரோட்டின் ஓரத்தில், டிப்பர் லாரிகள் உரசிக்கொண்டு போக, விளக்கில்லாத சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜரைப் பிய்த்தெடுத்தேன். "ரிஜெக்ட் பீஸுதானுங்க, கொடுத்துத் தொலைங்க" என்றார். டீ இடைவேளையில் சைக்கிளில் வரும் எல்லோருக்கும் கொடுத்தேன். ரோட்டில் போடுங்கள், உயிர் பிழைக்கும் என்று சின்னதாக ஒரு பிரசங்கம் வேறு.

மறுநாள் தையல் லைன் முழுக்க மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பக்கமே ஜொலித்தது. ஆசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். அவர்கள் கிளம்பிய பிறகுதான் தினமும் நான் கிளம்புவேன். அதனால் ரோட்டில் அவர்களைப் பார்த்ததில்லை.

இருட்டிக்கொண்டு வந்த ஒரு மழைச் சாயங்காலம் கரண்ட் போய், எல்லோரையும் சீக்கிரம் அனுப்பினார்கள். நானும் ஸ்கூட்டரை எடுத்தேன். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். முன்னால் போன டெம்போ கிறீச்சிட்டு நின்றது. ரோட்டோரக் குழியில் ஒரு சைக்கிள் வளைந்து கிடந்தது. பக்கத்தில் எங்கள் லைன் டெய்லர் அக்கா. டிபன் கேரியர் மூடி மட்டும் ரோட்டில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

டெம்போ டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "சத்தியமாத் தெரியலீங்க. ஆளே இல்லாத ரோடு மாதிரி இருந்துச்சுங்க."

அக்காவின் முழங்கையில் ரத்தம். எழுந்து உட்கார்ந்து முதலில் சேலையைச் சரிசெய்தார். உயிர் வந்தது எனக்கு. வந்ததும் கத்தினேன்: "அக்கா, கோட்டு எங்கீங்க?"

"மிஷின்ல தொங்குது கண்ணு."

"ரோட்டுல போடத்தானுங்க்கா கொடுத்தேன்!"

"சொன்னீங்க. அதுக்குன்னு கம்பெனிக் கோட்டப் போட்டுட்டு ஊட்டுக்குப் போவாங்களா யாராச்சும்?"

பின்னாலேயே சைக்கிளில் வந்து அவரைத் தாங்கிப் பிடித்திருந்த இன்னொரு அக்கா சொன்னார்: "அவ சோறு இல்லாமக் கூடப் போவாளுங்க, பஞ்சுக் கோட்டோட போவ மாட்டா."

அப்போதுதான் உறைத்தது. சேலையில் பஞ்சு ஒட்டாமலிருக்க மேலே ஒரு பழைய சட்டை போட்டுத் தைப்பார்கள். மணியடித்ததும் அதைக் கழற்றி மிஷினில் மாட்டி, தலைவாரி, பவுடர் போட்டுத்தான் கேட்டைத் தாண்டுவார்கள். தினமும் என் கண்ணெதிரில் நடப்பதுதான். பழைய சட்டை இருந்த இடத்தில் என் கோட்டு உட்கார்ந்துவிட்டது. லாரி வராத இடத்தில் இத்தனை நாளும் மின்னியிருக்கிறது!

மறுநாள் மேனேஜரிடம் மறுபடி நின்றேன். இந்த முறை கோட்டுகளை உள்ளே கொண்டுபோகவே விடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் ஆணி அடித்து மாட்டினோம். கிளம்பும்போது எடுப்பது, காலையில் வந்ததும் அங்கேயே மாட்டுவது. பஞ்சு படாத கோட்டு என்றதும் யாரும் மறுக்கவில்லை.

கட்டுப் பிரித்து அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, இருட்டியதும் அவர் கிளம்ப, கொஞ்சம் தள்ளிப் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். அவ்வளவு தூரத்திலிருந்தே அந்த இரண்டு பட்டையும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. டிப்பர் ஒன்று விலகிப் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

சக்கரத்துக்கு முன்னால் திடீரென்று ஒரு முதுகு. பிரேக்கை அழுத்தினேன். ஸ்கூட்டர் சறுக்கி நின்றது. பக்கத்துக் கம்பெனியில் வேலை முடிந்து நடந்துபோகிறவர். கறுப்புச் சட்டை.

"தேக்கே சலோ, பாய்!" என்றார், பார்த்துப் போங்கண்ணா என்று இந்தியில்.

தெரியலீங்க என்றுதான் என் வாயிலும் வந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேராவது நடந்து வந்துகொண்டிருந்தார்கள்; அவர்களைத் தாண்டித்தான் நான் வந்திருக்கிறேன். பக்கத்தில் வரும்வரை ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை.