அமெரிக்கச் சண்டைக்குப் பெரம்பலூரில் காவல்

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். என் தொழிலில் ரெண்டுபட்ட ஊர் அமெரிக்கா, கூத்தாடி நான். அங்குள்ள ஒரு செய்தித் தளத்தில் வாசகர்கள் எழுதும் கமென்ட்டுகளைப் படித்து, வசவு இருந்தால் நீக்குவதுதான் வேலை. ஆபீஸ் பெரம்பலூரில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில். அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சண்டைக்கு உட்காரும் நேரம், எங்களுக்குக் காலை ஷிப்ட். உங்களில் யாராவது சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

வளைந்த கோடு

சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அங்கே பல மாநிலங்களில் தொகுதி எல்லையை ஆளுங்கட்சியே வரைந்துகொள்கிறது. தனக்கு ஓட்டு விழும் தெருவைச் சேர்த்து, விழாத தெருவைத் தள்ளி, கோடு பாம்பு மாதிரி நெளிந்து போகும். "திருடர்கள்" என்று ஒரு கட்சிக்காரர் தொகுதிப் படத்தோடு எழுதுவார். நாலு வரி கீழே வேறொரு மாநிலத்தின் படத்தைப் போட்டு, அடுத்த கட்சிக்காரர் அதே வார்த்தையைத் திருப்பித் தருவார். ரெண்டு படமும் நிஜம். யார் பக்கம் நியாயம் என்று பார்க்கப் போய் ஒரு காலைப்பொழுதையே தொலைத்தேன்.

பக்கத்து சீட்டு ஷாகுல் லப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அத்தாவும் அவரு அண்ணன் பெரியத்தாவும் நெலம் பிரிச்சப்ப, கோடு நேராத்தாங்க வந்துச்சு. கெணத்துக்கிட்ட மட்டும் வளைஞ்சு போச்சு. கெணறு இப்ப பெரியத்தா பக்கம்."

பாவம்

அடுத்த சண்டை பணத்தைப் பற்றி. கோடீஸ்வரர்கள் பேர் தெரியாமல் தேர்தல் பிரச்சாரக் கமிட்டிகளுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், அந்தக் காசில் டிவி முழுக்க விளம்பரம், ஜெயித்தவர் அப்புறம் யாருக்கு உழைப்பார் என்று ரெண்டு கட்சிக்காரர்களும் தொண்டை கிழியக் கேட்பார்கள். கொடுத்தது எதிர்க்கட்சிக்காக இருந்தால் மட்டும்தான் கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னத்தில் எங்கள் வீட்டில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதை விளக்கினேன். நாட்டையே விலைக்கு வாங்குகிறார்கள் என்று கொதித்தேன். போன தேர்தலில் எங்கள் தெருவுக்கு ரெண்டு பக்கத்திலிருந்தும் கவர் வந்ததும், வீட்டில் யாரும் அதைத் திருப்பிக் கொடுக்காததும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மா கேட்டதற்கு அன்று சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "அம்புட்டுக் காசும் டிவிக்கே போயிடுதா? ஓட்டுப் போடுறவங்க கைக்கு ஒண்ணுமே வராதா? பாவம்டி."

யார் கூலி

கமென்ட்டை நீக்கினால் புகார் வரும். எதிர்க்கட்சிக் கோடீஸ்வரனிடம் கூலி வாங்கிக்கொண்டு என் வாயை அடைக்கிறாய் என்று இந்தப் பக்கத்துக்காரர் எழுதுவார். அந்தப் பக்கத்துக்காரர் வேறொரு கோடீஸ்வரனின் பேரைச் சொல்வார். எங்கள் டீம் லீடர் கவிதா மேடம் தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில், சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வருபவர். சேலையில் தூசியைத் தட்டிக்கொண்டே புகாரைப் படித்தார்: "எவனாச்சும் நெசமாவே குடுத்தா சொல்லுங்கப்பா, மொதல்ல ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கிறேன்."

ரால்ஃபும் வால்டரும்

ரால்ஃப் ஒரு கட்சி, வால்டர் அடுத்த கட்சி. ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனவர்கள், வேறு வேறு மாநிலம், நேரில் பார்த்ததில்லை. தளத்தில் வைத்துக்கொண்ட பேரைத் தாண்டி ஒருவருக்கு இன்னொருவரின் முகவரியோ போன் நம்பரோ தெரியாது. கோடானாலும் பணமானாலும், செய்தி வந்தால் அதன் அடியில் இவர்கள் முட்டிக்கொள்வார்கள். "கிழட்டு முட்டாளே, உங்கள் ஆட்கள் வரைந்திருக்கும் லட்சணத்தைப் பார்" என்று வால்டர் ஆரம்பிப்பார். கடைசி வரியில் "முழங்கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று?" என்று இருக்கும்.

விதிப்படி முட்டாளை நீக்க வேண்டும். நான் விட்டுவிடுவேன். எங்கள் பக்கத்துச் சேக்காளிகள் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு எது வசவு, எது பாசம் என்று தெரியாதா? கவிதா மேடமும் கண்டும் காணாமல் இருந்தார். "விடுங்க, அதுங்க ரெண்டும் அறுவது வயசுப் புருஷன் பொண்டாட்டி மாதிரி."

வந்துவிட்டுப் போ

பிறகு வசவைப் பிடிக்க ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முட்டாள் என்றால் முட்டாள்தான். பழைய கமென்ட்டுகளையெல்லாம் துழாவி, வால்டரை நிரந்தரமாகத் தடுத்துவிட்டது. புதுப் பேரில் வந்தாலும் மோப்பம் பிடித்துவிடும். தடுக்கப்பட்டவர் படிக்கலாம், எழுத முடியாது. கவிதா மேடம் அமெரிக்க ஆபீசுக்கு எழுதிக் கெஞ்சிப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில் வந்தது. ரால்ஃபிடம் விஷயத்தைச் சொல்லவும் வழியில்லை. வாசகரோடு நாங்கள் பேசினால் வேலை போய்விடும்.

ரால்ஃப் ஒவ்வொரு செய்திக்கு அடியிலும் தேடினார். கோபமா என்று கேட்டார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். வால்டர் எங்கோ உட்கார்ந்து இதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். கடைசியாக ரால்ஃபிடமிருந்து ஒரு கமென்ட் வந்தது. 'செய்திக்குத் தொடர்பில்லாதது' என்று மென்பொருள் அதை ஒதுக்கியிருந்தது. என் வேலைக்குப் போடும் மார்க் போனால் போகட்டும் என்று அதைத் தளத்தில் ஏற்றிவிட்டேன். ஷாகுல் அதைப் படித்துவிட்டு டீக்குக் கிளம்பிப் போனார். அதற்கப்புறம் ரால்ஃப் எங்கள் பக்கமே வரவில்லை. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "சரி, கோடு விஷயத்தில் நீ சொன்னதுதான் நியாயம். எங்கள் ஆட்களும் திருடர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். வந்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போ, வால்டர்."

சண்டையை அடக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். நாங்கள் உருப்படியாக அடக்கிய ஒரே சண்டை, அடங்காமலே நடந்திருக்க வேண்டியது.